லெ பென் குடும்பமா, குடும்பம் இல்லாத மக்ரோனா: புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சு ஓட்டு

பிரான்ஸ் அதிபர் தேர்தல் 2027-ல் வருகிறது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் வீடுகளில் பேச்சு இப்போதே ஆரம்பித்துவிட்டது. எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதாக எழுதிக்கொடுத்தவர். அவர் போட்ட கையெழுத்தால் பாரிஸை யார் ஆள வேண்டும் என்று நாங்கள் இங்கே வரிசையில் நின்று, தமிழில் வாதாடிக்கொண்டே ஓட்டுப் போடுகிறோம்.

2017, 2022 இரண்டு தேர்தல்களிலும் இரண்டாம் சுற்றுக்கு வந்தவர்கள் அதே இருவர்தான். ஒரு பக்கம் மரின் லெ பென், அரசியல் வீட்டில் பிறந்த மகள். இன்னொரு பக்கம் எமானுவேல் மக்ரோன், அப்பா அம்மா டாக்டர்கள், அரசியல் பின்னணி இல்லை. நான் இரண்டு முறையும் மக்ரோனுக்குப் போட்டேன். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். குடியேறிகள் பற்றி லெ பென் கட்சி என்ன சொல்கிறது என்பதும், அது நம் நிறத்துக்காரர்களுக்கு எப்படிக் கேட்கும் என்பதும் யாருக்கும் புதிதல்ல. ஐரோப்பிய ஒன்றிய விஷயத்தில் மக்ரோன் உறுதியாக ஒரு பக்கம், லெ பென் அந்தப் பக்கம் இல்லை. விலைவாசியில் லெ பென் கெட்டிக்காரத்தனமாகப் பேசினார். 2022-ல் பெட்ரோல், கரண்ட், கேஸ் மீதான வரியை 20 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைப்பேன் என்றார். பாரிஸ் புறநகரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனுக்கே அது இனித்தது. நான் அங்கே கேஸ் பில் கட்டுகிறவன் இல்லை, அதனால் அவனோடு அதில் வாதாடவில்லை.

என் ஓட்டை முடிவு செய்தது வேறொரு கேள்வி. இந்த ஆள் வேண்டாம் என்று முடிவானால் இவரை இறக்க யாரால் முடியும்? ஜனங்களால் முடியுமா என்பது இரண்டாவது. முதலில் சொந்தக் கட்சியில் யாருக்காவது அந்தத் தெம்பு இருக்கிறதா?

1974-லிருந்து 2022 வரை பிரான்ஸில் 9 அதிபர் தேர்தல்கள் நடந்தன. அதில் 8-ல் லெ பென் என்ற பெயர் ஓட்டுச்சீட்டில் இருந்தது. அப்பா ஜான்-மரி 1974, 1988, 1995, 2002, 2007. மகள் 2012, 2017, 2022. நடுவில் விட்டுப்போன 1981-லும் அப்பா தானாக ஒதுங்கவில்லை. வேட்பாளராக நிற்கத் தேவையான 500 மக்கள் பிரதிநிதிகளின் கையெழுத்து கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எட்டு முறையும் தோல்வி. வேறு கட்சியாக இருந்தால் மூன்றாவது தோல்வியிலேயே செயற்குழு கூடி, பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கும். இங்கே கட்சியை 1972-ல் தொடங்கிய அப்பா 2011 வரை தலைவர், அவருக்குப் பின் மகள்.

இடையில் யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1998-ல் அப்பாவுக்குத் தேர்தலில் நிற்கத் தடை வரும்போல் இருந்தது. எதிர்க்கட்சிப் பெண் வேட்பாளர் ஒருவரைத் தாக்கிய வழக்கு. ஐரோப்பியத் தேர்தல் பட்டியலுக்கு இனி யார் தலைமை என்ற கேள்வி வந்ததும் அவர் முன்வைத்தது தன் மனைவியின் பெயரை. இரண்டாம் இடத்தில் இருந்த புரூனோ மெக்ரே அதை எதிர்த்தார். கட்சி இரண்டாக உடைந்தது, மெக்ரே வெளியேற்றப்பட்டார். மூத்த மகளே மெக்ரே பக்கம் போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் 2015-ல் அப்பாவை நீக்க ஒருவரால் முடிந்தது. அந்த ஒருவர் மகள். ஒரு தேசியக் கட்சியின் தலைமைப் பிரச்சினை அந்த வீட்டுக் கூடத்தில்தான் தீரும் என்றால், வெளியே நிற்கிற தொண்டனுக்கு அங்கே என்ன வேலை?

இதனால்தான் "அப்பாவுக்காக மகளைத் தண்டிக்கலாமா?" என்று என் அத்தை கேட்கும்போது நான் அசைவதில்லை. பிறப்பு யாருடைய குற்றமும் இல்லை. இங்கேயே வெங்கடசுப்பா ரெட்டியார் முதல்வராக இருந்தார், பிறகு அவர் மகன் வைத்திலிங்கமும் முதல்வரானார். ஆனால் அவர்கள் இருந்த கட்சி அவர்கள் வீட்டுச் சொத்தாக இருக்கவில்லை. நான் பார்ப்பது அந்த வித்தியாசத்தைத்தான்.

அமெரிக்காவையும் இதே அளவில் வைத்துப் பார்க்கலாம். 2016 தேர்தல் வேலைகள் ஆரம்பித்தபோது மறுபடியும் ஒரு புஷ், மறுபடியும் ஒரு கிளின்டனா என்று அங்கே அலுத்துக்கொண்டார்கள். ஜெப் புஷ்ஷுக்கு அப்பாவும் அண்ணனும் முன்னாள் அதிபர்கள், ஹிலாரிக்குக் கணவர். ஜெப்பின் பிரசாரச் சின்னத்தில் 'ஜெப்!' என்று மட்டும்தான் இருந்தது, குடும்பப் பெயரைக் காணோம். மரினும் 2017-ல் நீல ரோஜாவோடு 'மரின்' என்று மட்டும் போட்டு வந்தார். பணத்தையும் ஆட்களையும் கொண்டுவந்து சேர்க்கிற பெயர், போஸ்டரில் மட்டும் கூச்சப்படுகிறது! ஆனால் அமெரிக்காவில் இறக்குவதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. 2016 பிப்ரவரியில் தென் கரோலினா உட்கட்சித் தேர்தல் முடிந்த இரவே ஜெப் விலகினார். 2008-ல் ஹிலாரியை ஒபாமா உட்கட்சியிலேயே தோற்கடித்தார். குடும்பப் பெயர் கதவைத் திறந்து விட்டது, உள்ளே உட்கார வைக்க அதனால் முடியவில்லை. அந்த மாதிரி இடத்தில் குடும்ப வேட்பாளர் என்பதற்காக மட்டும் நான் பயப்பட மாட்டேன்.

பக்கத்தில் இலங்கையில் அந்த ஏற்பாடு இல்லாத கட்சிகளின் கதையைப் பார்த்தோம். ஜெயவர்த்தனாவின் மருமகன் முறையான ரணில் 1994 முதல் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர். தோல்விக்கு மேல் தோல்வி வந்தும் இறங்கவில்லை. 2020 நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு மொத்தம் கிடைத்தது ஒரே ஒரு தேசியப் பட்டியல் இடம். கோட்டாபய ராஜபக்சவை இறக்குவதற்கு 2022 ஜூலையில் ஜனங்கள் அதிபர் மாளிகைக்குள்ளேயே நுழைய வேண்டியதாயிற்று. 2024-ல் அந்த வீட்டின் அடுத்த தலைமுறையாக வந்த நாமலுக்குக் கிடைத்தது 2.57 சதவீதம். முன்னாள் அதிபர் பிரேமதாசவின் மகன் சஜித் 32.76 வாங்கி இரண்டாவதாக வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பப் பெயர் என்றாலே ஜனங்கள் தள்ளிவிட்டார்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

சரி, மக்ரோன் பக்கம். கட்சியை 2016-ல்தான் தொடங்கினார். அதன் அப்போதைய பிரெஞ்சுப் பெயரின் (En Marche) முதலெழுத்துகள் அவர் பெயரின் முதலெழுத்துகளேதான், அடக்கம் அவ்வளவு! முந்தைய அதிபர் ஓலாந்த் அரசில் பொருளாதார அமைச்சராக இருந்தவரை வெளியாள் என்று சொல்வதும் கொஞ்சம் அதிகம். 2023-ல் ஓய்வு வயதை 62-லிருந்து 64 ஆக்கும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் இறுதி வாக்கெடுப்பு இல்லாமல் நிறைவேற்றியது அவர் அரசு. அன்று சித்தப்பா மகன் போன் போட்டு, "உன் ஆளு பண்ணின வேலையைப் பாத்தியா?" என்று கேட்டான். பதில் சொல்ல எனக்கு அதிகம் இருக்கவில்லை. தனி ஆளைச் சுற்றி எழுந்த கட்சிக்கு வேர் கிடையாது. 2024-ல் அவசரப்பட்டு நாடாளுமன்றத்தைக் கலைத்து, இருந்த இடங்களிலும் நிறைய இழந்தார். குடும்பக் கட்சிக்கு இந்தத் தடுமாற்றம் குறைவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்விக்கு இவரிடம் பதில் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருக்க அரசியல் சட்டம் விடாது, 2027-ல் போய்த்தான் ஆக வேண்டும். அவர் இடத்தில் உட்கார வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஒன்று மாறியிருக்கிறது, அதையும் எழுதாவிட்டால் நியாயம் இல்லை. 2025 மார்ச் 31 அன்று ஐரோப்பிய நாடாளுமன்ற உதவியாளர்களுக்கான பணத்தைக் கட்சி வேலைக்குத் திருப்பிய வழக்கில் மரினுக்குத் தண்டனையும் தேர்தலில் நிற்க 5 ஆண்டுத் தடையும் விதித்தது பாரிஸ் நீதிமன்றம். அவர் மேல்முறையீட்டுக்குப் போனார். அப்பாவுக்குத் தடை வரும்போல் இருந்தபோது மனைவி பெயர் வந்தது. மகளுக்குத் தடை வந்தபோது மாற்று ஆளாகப் பேசப்பட்டவர் ஜொர்தான் பார்தெல்லா, 1995-ல் பிறந்தவர், 2022 முதல் கட்சித் தலைவர், லெ பென் வீட்டில் பிறக்காதவர். அவர் நின்றால் என் வாதத்தில் பாதி உதிர்ந்துவிடும் என்று அத்தை சொல்கிறார். கால்வாசி என்று நான் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் அவரை அந்த நாற்காலிக்குக் கைகாட்டியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு பேர் மீதும் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, வெற்று ஓட்டு. அங்கே பெரும்பாலும் எந்திரம் கிடையாது. மேசையில் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனிச் சீட்டு அடுக்கியிருக்கும், மறைவுக்குள் போய் ஒன்றை உறையில் போட்டு வர வேண்டும். ஒன்றும் போடாமல் வெறும் உறையைப் பெட்டியில் போட்டாலும் அது வெற்று ஓட்டுதான். நம் ஊர் நோட்டா போலத் தனியாக எண்ணி அறிவிப்பார்கள், ஆனால் சதவீதக் கணக்கில் சேராது. 2017 இரண்டாம் சுற்றில் வெற்று ஓட்டும் செல்லாத ஓட்டும் சேர்ந்து 40 லட்சத்தைத் தாண்டின. நான் அதைப் போட்டதில்லை, அதனால் அந்த மனநிலையைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை. என் தங்கை போட்டிருக்கிறாள். அப்புறம் ஐந்து வருடம் யாரையும் திட்டலாம் என்பது அவள் கணக்கு.

எதைப் போடுவதானாலும் கான்சுலேட் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். முதல் சுற்றுக்கு முந்தைய ஆறாவது வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். நாடாளுமன்றத் தேர்தலுக்கு இருப்பதுபோல் அதிபர் தேர்தலுக்கு இணைய ஓட்டு கிடையாது. நேரில் போக முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாகப் போட ஒருவரை எழுதிக்கொடுக்கலாம். எங்கள் அத்தை இந்த முறை என்னைத்தான் எழுதிக்கொடுக்கப் போகிறாராம். சீட்டு எது என்பதை மட்டும் அன்றைக்குக் காலையில்தான் சொல்வாராம்.