பராமரிப்பாளர் திறன் பயிற்சி: பெற்றவர்களுக்கான வகுப்பு எப்படி இருந்தது?

மகனுக்கு ஐந்து வயது, பேச்சு இன்னும் வரவில்லை. ஸ்பீச் தெரபி நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் தெரபிஸ்ட் அவனோடு இருப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் அவன் என்னிடம்தான். அந்த மீதி நேரத்துக்கு யாராவது வழி சொல்ல மாட்டார்களா என்று தேடியபோது கிடைத்தது, உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பராமரிப்பாளர் திறன் பயிற்சி.

ஆட்டிசமோ வேறு வளர்ச்சித் தாமதமோ உள்ள 2 முதல் 9 வயதுவரையான குழந்தைகளின் குடும்பங்களுக்கானது இது. டாக்டர் இன்னும் எதையும் உறுதி செய்யாவிட்டாலும் சேரலாம். மொத்தம் 9 குழு வகுப்புகள், 3 முறை வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். நடத்துபவர் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. எங்கள் குழுவை நடத்தியவரே இப்படி ஒரு பெண் குழந்தையின் அம்மா. “ராத்திரி தூங்குறானா? நீங்க தூங்குறீங்களா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதுவரை எந்த ஃபாரத்திலும் இரண்டாவது கேள்வியைப் பார்த்ததில்லை.

வகுப்பில் கதை சொல்வார்கள், நடித்துக் காட்டுவார்கள், நம்மையும் ஜோடி சேர்ந்து நடிக்க வைப்பார்கள். கூச்சமாகத்தான் இருந்தது. மூச்சுப் பயிற்சி எனக்கு ஒட்டவில்லை. பக்கத்திலிருந்தவருக்கோ அதுதான் பிடித்திருந்தது.

உண்மையான சரக்கு வீட்டு வருகையில் இருக்கிறது. மகன் டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். வகுப்பு நடத்துபவர் வந்து, அவனுக்கு எதிரே தரையில் என்னை உட்காரச் சொன்னார். “கேள்வி எதுவும் கேட்காதீங்க. நீங்களும் ஒரு மூடி எடுத்துச் சுத்துங்க” என்றார். சுற்றினேன். “சுத்து” என்று ஒரே ஒரு சொல். அப்புறம் பேசாமல் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அப்பப்பா! வாய் நிற்காது. கொஞ்ச நேரத்தில் அவன் தன் மூடியை என் பக்கம் தள்ளினான். “பாருங்க, உங்ககிட்ட பேசிட்டான். பதில் சொல்லுங்க” என்றார் அவர். வீடியோவில் நூறு முறை பார்த்தாலும் இது எனக்குப் பிடிபட்டிருக்காது.

சட்டை போடுவதையும் இப்படித்தான் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். கையை நுழைப்பது அவனுக்கு வரும் என்றால் அங்கே நம் கை போகக் கூடாது. இன்றும் பட்டன் மட்டும் நான் போடுகிறேன்.

குறைகளும் உண்டு. நாங்கள் போன இடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளே கிடையாது. வேலைநாள் காலையில் வகுப்பு வைத்தார்கள். விளைவு, அம்மாக்கள் மட்டும் வந்தோம். அப்பாக்களுக்கு எல்லாவற்றையும் வீட்டில் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. பதின்வயதை நெருங்கும் பிள்ளையின் பெற்றோர் இதில் சேர்ந்தால் அவர்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

2022ல் இதன் இணைய வடிவமும் இலவசமாக வந்தது. பக்கத்தில் எங்கும் குழு இல்லாதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். தகவலெல்லாம் அதிலும் இருக்கிறது; கூடவே உட்கார்ந்து திருத்த ஆள்தான் இருக்காது.

நேரில் சேர்வதாக இருந்தால் பணம் கட்டும் முன்பே, இலவசம் என்றாலும் பெயர் கொடுக்கும் முன்பே, வீட்டுக்கு வருவார்களா என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் வேறு குழு தேடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் மட்டும் பரவாயில்லை. பாட்டியையோ சித்தியையோ கூட்டிப் போய் முறை வைத்து உள்ளே உட்காருங்கள், அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.