டேப்பட் சத்தமும் எட்டு வருஷமும்

நண்பன் போன வாரம் போன் செய்தான். "மாப்ள, உன் கார் மாடல்ல ஒண்ணு சல்லிசா வருது. வாங்கலாமா?" நல்ல வண்டி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வாயில் வந்ததெல்லாம் டேப்பட் சத்தம்தான். இஞ்சினில் வால்வைத் தள்ளித் திறக்கும் துண்டுதான் டேப்பட், அங்கே இடைவெளி விழுந்தால் டிக் டிக்கென்று சத்தம் போடும்.

2003 மாடல், பெட்ரோல், 16 வால்வு. கம்பெனி பெயர் வேண்டாம், குற்றம் அவர்களுடையது அல்ல. எட்டு வருஷத்தில் நடுரோட்டில் ஒருநாள் நின்றதில்லை. ஏசி இன்னமும் பல்லைக் கிட்டவைக்கும். ஆனால் 1,60,000 கிலோமீட்டர் தாண்டியதும் டிக் டிக் ஆரம்பித்தது. ரோட்டில் அவ்வளவாகத் தெரியாது. காம்பவுண்டு சுவரை ஒட்டி ஜன்னலைத் திறந்துகொண்டு மெதுவாகப் போனால் போதும், சுவரில் பட்டுத் திரும்பி நேராகக் காதுக்கு வரும். பழைய தையல் மெஷினைத் தூக்கி பானட்டுக்குள் வைத்ததுபோல.

முதல் மெக்கானிக், "டேப்பட் அடிச்சா சரியாயிடும்" என்று கவரைத் திறந்தார். இதில் டேப்பட்டாக இருப்பது ஹைட்ராலிக் லிஃப்டர். ஆயில் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். திருகி அட்ஜஸ்ட் செய்ய அங்கே எதுவும் கிடையாது. அதைப் பார்த்துவிட்டு, புது பேக்கிங் போட்டு மூடி 900 ரூபாய் வாங்கிக்கொண்டார். இரண்டாமவர் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றினார். சூடான பிறகு சத்தம் குறைந்தது உண்மை. ஆனால் காலையில் அந்தக் கெட்டி ஆயில் மேலே ஏறிச் சேர்வதற்குள் தெருவே எழுந்துவிட்டது. மூன்றாமவர் இஞ்சினை இறக்கணும், 40,000 ஆகும் என்றார்.

வயிற்றெரிச்சலில் நானே உட்கார்ந்தேன். இஞ்சின் புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டு பேக்கிங் கிழிந்தாலும் இதே டிக் டிக் வரும், ஆனால் இரும்பு சூடேறி விரிந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். என்னுடையது அடங்கவில்லை. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு என்றால் டொக் டொக்கென்று கனமாக, லோடு ஏறும்போது அடிக்கும். இது அதுவும் இல்லை. நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டே நகர்ந்தேன். மூன்றாவது சிலிண்டர் பக்கம் வந்ததும் சுத்தியலால் தட்டியதுபோல் காதில் இறங்கியது. ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினோம். சூடான ஐட்லிங்கில் 14 பிஎஸ்ஐ, 3000 ஆர்பிஎம்மில் 45. ஆயில் பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம்தான் நாலாவதாக ஒருவரிடம் போய் லிஃப்டர்களை அழுத்தும் கேம் தண்டைக் கழற்றச் சொன்னேன். டைமிங் பெல்ட் எப்படியும் வெளியே வரும் என்பதால் அதையும் புதிதாக மாற்றினோம். எது எந்தக் குழியில் இருந்ததோ அதே குழிக்கே போகவேண்டும் என்பதால், 16 லிஃப்டரையும் நம்பர் எழுதிய முட்டை அட்டையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தோம். பதினொன்று கல் மாதிரி. ஐந்து பஞ்சு மாதிரி அமுங்கின. பிரித்தால் உள்ளே கறுப்பு அல்வா. சின்ன உருண்டை வால்வு அதில் மாட்டிக்கொண்டு, ஆயிலைத் தேக்கமுடியாமல் விட்டிருக்கிறது. கழுவியதில் மூன்று தேறின, இரண்டைப் புதிதாக வாங்கினோம். மாட்டி முடித்ததும் நான் சாவியைத் திருகப் போனேன், அவர் கையைத் தட்டிவிட்டார். அரை மணி நேரம் பொறுக்கணுமாம். லிஃப்டர் அமுங்கி நிலைக்கு வரும் முன் ஸ்டார்ட் செய்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

ஸ்டார்ட் செய்தோம். சத்தமே இல்லை. இஞ்சின் ஓடுகிறதா என்று ஆர்பிஎம் முள்ளைப் பார்த்தேன்.

நியாயமாகச் சொன்னால் அந்த அல்வா நான் கிண்டியது. பத்தாயிரம் கிலோமீட்டரில் மாற்றவேண்டிய ஆயிலைப் பதினைந்தாயிரம் வரை இழுத்தவன் நான்தான். அதற்குப் பிறகும் காலையில் மூன்று விநாடி டிக் டிக் மிச்சமிருந்தது. மலிவு ஆயில் ஃபில்டர்! இரவில் ஆயில் கீழே வடியாமல் தடுக்கும் வால்வு அதில் சரியாக வேலை செய்யவில்லை. நல்ல ஃபில்டர் போட்டதும் அதுவும் போனது. இத்தனை கூத்திலும் எனக்குப் பிடித்த செலவு அதுதான்.

நண்பனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். "அப்ப உன்னோடதக் குடுத்துடு" என்கிறான். அது எப்படிக் கொடுக்கமுடியும், இப்போதுதான் சத்தம் நின்றிருக்கிறது.