ஐந்து வருடம், நான்கு கணக்கு, ஒரு ஓடிபி

வேறொரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் தோழி போன வாரம் கேட்டாள்: "எங்க யுனிவர்சிட்டி பக்கங்களை என்னைப் பார்த்துக்கச் சொல்றாங்க. ஒத்துக்கட்டுமா?" போனில் பேசி முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

2020 முதல் எங்கள் பல்கலைக்கழகத்தின் ஃபேஸ்புக், ட்விட்டர், இன்ஸ்டாகிராம், யூடியூப் நான்கும் என் பொறுப்பு. பட்டமளிப்பு விழாப் படங்கள், சேர்க்கைத் தேதிகள் எல்லாம் கை பழகிவிடும். எனக்குப் பழகாதது ஓடிபி ஒன்றுதான்.

இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொடங்கியவர் ஒரு பேராசிரியர். அன்று வேறு யாரும் முன்வரவில்லை, தன் சொந்த எண்ணையே கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இப்போது ஓய்வு பெற்று தாம்பரம் பக்கம் இருக்கிறார். புதுக் கணினியில் நான் நுழையும்போதெல்லாம் குறியீடு அவருக்குப் போகும். பேரனைப் பள்ளியில் விடப் போயிருப்பார், இல்லை தூங்கிக்கொண்டிருப்பார். "சார், மன்னிக்கணும், ஒரு நம்பர் வந்திருக்கும்" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! அவர் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. எனக்குத்தான் கூச்சம்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றறிக்கை சுற்றத் தொடங்கியது. ஒரு வாரத் தேர்வுகளும் ரத்தாம். பதிவாளர் கையெழுத்து அப்படியே இருந்தது. மேலே சுற்றறிக்கை எண்ணைப் பார்த்தேன், முந்தைய வருடத்தது. பழையதை எடுத்துத் தேதியையும் வாசகத்தையும் மாற்றியிருக்கிறார்கள். உடனே மறுப்பு போட வேண்டும். வீட்டு மடிக்கணினியில் நுழைந்தால் இன்ஸ்டாகிராம் ஓடிபி கேட்டது. சாரை அழைத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. அவர் பகுதியில் டவரே வேலை செய்யவில்லை.

கைகொடுத்தது ட்விட்டர். அந்த வருடம் மார்ச் 20 முதல், சந்தா கட்டாத கணக்குகளுக்கு எஸ்எம்எஸ் குறியீட்டை நிறுத்தியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாறியிருந்தேன். அது போனிலேயே 30 விநாடிக்கு ஒரு முறை தானே ஆறு இலக்கக் குறியீடு காட்டும். சிம்மும் வேண்டாம், டவரும் வேண்டாம். அமைக்கும்போது வரும் க்யூஆர் கோடை இரண்டு போனில் ஸ்கேன் செய்தால் இருவருக்கும் அதே குறியீடு வரும்.

அங்கே மறுப்பைப் போட்டுவிட்டு, அப்புறம் அக்டோபரில் தொடங்கியிருந்த வாட்ஸ்அப் சேனலிலும் (நாங்கள் மட்டும் அறிவிப்பு போட, மற்றவர்கள் பின்தொடரும் பக்கம்) போட்டேன். வதந்தி ஓடிய வழியிலேயே மறுப்பும் ஓடியது. சேனல் என்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும். பின்தொடரும் மாணவியின் எண் மற்ற மாணவர்களுக்குத் தெரியாது. சுற்றறிக்கையை வெறும் படமாகப் போடாமல் எழுத்தாகத் தட்டச்சு செய்தால், பார்வையற்ற மாணவருக்குப் போனே வாசித்துக் காட்டும்.

இன்ஸ்டாகிராம் பிரச்சினை போன மாதம்தான் தீர்ந்தது. பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு சிம் வாங்க, கோப்பு எட்டு மாதம் மேசை மேசையாக நகர்ந்தது. ஒரு சிம்முக்கு எட்டு மாதம்! அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது செயலி இரண்டு போனில் இருக்கிறது, போன் கையில் இல்லாதபோது நுழைய உதவும் அவசரக் குறியீடுகளை அச்சடித்து உறையில் ஒட்டிப் பதிவாளர் அறை பீரோவில் வைத்தாயிற்று. சாருக்கு நன்றி சொல்ல அழைத்தேன். "நம்பர் வராட்டியும் கூப்பிடும்மா" என்றார்.

இந்த வேலை எனக்குப் பிடித்த வேலை. வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லை. ஆனாலும் தோழியிடம் ஒத்துக்காதே என்றுதான் சொன்னேன். ஒவ்வொரு கணக்கும் யார் எண்ணில், யார் மின்னஞ்சலில் இருக்கிறது என்று முதலில் எழுதிக் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு பார்க்கலாம்.