இஸ்தோப்பு வரை வந்த சேவை: எங்கள் தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தரைப் பற்றி

கருவுற்றதை உறுதிப்படுத்திய நாள் தொடங்கி, மகளுக்குப் 10 மாதம் நிறைந்திருக்கும் இன்று வரை நான் பயன்படுத்திவரும் ஒரு சேவையைப் பற்றி எழுதுகிறேன். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் இயங்கும் குடும்பநல உத்தியோகத்தரின் சேவை அது. ஒரு சதமும் வாங்காமல், நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேற்பிரிவில் இருக்கும் எங்கள் லயத்தின் (தொழிலாளர் வரிசை வீட்டின்) இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை, வரை வந்து கிடைத்த சேவை. ஊரில் எல்லோரும் அவரை ‘மிட்வைஃப் மிஸ்’ என்றுதான் அழைப்பார்கள். நானும் இங்கு மிஸ் என்றே குறிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளினிக்கும் மாத்திரையும் ஊசியும் எல்லாத் தாய்மாருக்கும் ஒன்றுதான். ஆனால் வெட்கத்தாலும் பயத்தாலும் தொண்டையில் நின்றுவிடும் கேள்வியைத் தமிழில் கேட்டுத் தமிழிலேயே பதில் பெற முடிந்த இடத்தில்தான் அவை எனக்கு முழுதாகப் பயன்பட்டன.

மாதவிலக்கு தள்ளிப்போனது தெரிந்தவுடன் மிஸ்ஸிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். 8 வாரங்களுக்குள் பதிவு செய்வது நல்லது என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கண்பட்டுவிடும் என்று மூன்று மாதம் வரை வெளியில் சொல்லாமல் இருக்கும் வழக்கம் உண்டு. என் அத்தையும், அதாவது மாமியாரும், அதைத்தான் விரும்பினார். ஆனால் போலிக் அமில மாத்திரை பிள்ளையின் முள்ளந்தண்டும் மூளையும் உருவாகும் முதல் வாரங்களிலேயே தேவைப்படுகிறது என்பதையும், குருதி வகை, குருதிச்சோகை, சீனி ஆகிய பரிசோதனைகள் பிந்தினால் வைத்தியமும் பிந்தும் என்பதையும் மிஸ் அத்தையிடமே பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகு, “அப்ப மிஸ்ஸுக்கு மட்டும் சொல்லலாம்” என்று அவர் இறங்கி வந்தார். மனம் நோகாமல் பேசத் தெரிந்திருப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி என்று அன்று எனக்குப் பட்டது.

முதல் பரிசோதனையில் எனக்கு ஹீமோகுளோபின் 10.1 இருந்தது. கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தால் அது குருதிச்சோகை. மூன்று மாதம் கழிந்ததும் இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். நான் ஒரு நாளும் தவறாமல் விழுங்கினேன். அப்படியும் அடுத்த பரிசோதனையில் எண் அசையவில்லை. கிளினிக்கில் “ஒழுங்காகப் போடவில்லையா?” என்று மட்டும் கேட்டார்கள். மிஸ் வீட்டுக்கு வந்தபோது வேறு மாதிரிக் கேட்டார்: “மாத்திரைய எதோட குடிக்கிறீங்க?”

“பிளேன்டீயோட, மிஸ்.”

அவர் எழுந்து அடுப்படிக்குப் போய், கேத்தலில் கறுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்த சாயத்தைப் பார்த்துவிட்டு வந்தார். தேநீரில் இருக்கும் டனின் என்ற பொருள் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது என்றும், சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேநீரைத் தள்ளிவைக்க வேண்டும் என்றும், கல்சியம் மாத்திரையையும் இதனோடு சேர்க்காமல் வேறு வேளையில் போட வேண்டும் என்றும், இரும்பு மாத்திரையோடு விற்றமின் சி மாத்திரையையோ ஒரு தோடம்பழத்தையோ சேர்த்துக்கொண்டால் நன்றாக உறிஞ்சப்படும் என்றும் சொன்னார். காலையில் ரொட்டியும் பிளேன்டீயும், பத்து மணிக்குத் தேத்தண்ணி, மாலையில் மறுபடி தேத்தண்ணி என்று நாள் முழுவதும் தேநீரிலேயே ஓடும் மலையகத்தில், கர்ப்பிணிகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய விடயம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 28ஆம் வாரத்தில் என் எண் 11.2 ஆனது.

பப்பாளி, அன்னாசி பற்றி எல்லோரும் கேட்பது போல நானும் கேட்டேன். நன்றாகப் பழுத்த பழத்தை அளவாகச் சாப்பிடுவதால் கரு கலையாது என்றார். நெத்தலி, முட்டை, பருப்பு, கீரை ஆகியவற்றைக் கூட்டச் சொன்னார். திரிபோஷா என்ற சத்துமா பக்கெட்டைத் தந்தபோது, அது வீட்டில் எல்லோருக்கும் பங்கிடுவதற்கு அன்று என்பதை என் கணவரையும் அழைத்து வைத்துச் சொன்னார். கொழுந்து எடுக்கும் என் நாத்தனார், எத்தனை மாதம் வரை மலை ஏறலாம் என்று கேட்டதற்கு, மாதக் கணக்கைவிடச் சுமையையும் சரிவையும் பார்க்க வேண்டும் என்றும், நிறைந்த கூடையோடு வழுக்கும் மலையில் இறங்காமல் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி இலகுவான வேலையைக் கேட்க வேண்டும் என்றும், மருந்து அடிக்கும் மலைப் பக்கம் போகவே கூடாது என்றும் விடை சொன்னார். மகப்பேற்று விடுமுறையாக 12 வாரம் உண்டு என்பதும், மூன்றாம் பிள்ளையிலிருந்து அதைக் குறைத்துவந்த விதி 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தால் நீங்கிவிட்டது என்பதும் அன்றுதான் எங்கள் இருவருக்கும் தெரியவந்தது.

இடையில் நகரத்தில் ஒரு தனியார் நிலையத்தில் சனல் செய்தும், அதாவது காசு கட்டி வைத்தியரைச் சந்தித்தும், பார்த்தேன். ஸ்கான் தெளிவாக இருந்தது; இரண்டு மணித்தியாலம் காத்திருந்த பிறகு வைத்தியரோடு பேசக் கிடைத்தது ஐந்து நிமிடம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

என் உண்மையான மனக்குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கான வகுப்பொன்றுக்குக் கணவரோடு போயிருந்தேன். வந்திருந்த பெண்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். வகுப்பு முழுவதும் சிங்களத்தில் நடந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓர் ஊழியர் இரண்டு வரியைத் தமிழில் சொன்னார். என் அருகில் இருந்த பத்தொன்பது வயதுப் பெண், “அக்கா, என்ன சொல்றாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், எனக்கும் பாதிதான் விளங்கியது. முடிவில் ஆபத்து அறிகுறிகள் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதுவும் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. உயிர் சம்பந்தப்பட்ட ஒரு தாளைக்கூட வாசிக்க முடியாமல் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்புவது எவ்வளவு பெரிய அவமானம் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த முறை மிஸ் வந்தபோது அந்தத் தாளைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் நீலப் பேனையால் தமிழில் எழுதினார்: குருதி படுதல், நீர்க்குடம் உடைதல், விடாத தலைவலி, கண் மங்குதல் அல்லது பொறி பறத்தல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் வீங்குதல், காய்ச்சல், வலிப்பு, பிள்ளையின் துடிப்புக் குறைதல். கீழே 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணைப் பெரிதாக எழுதி, “இதுல ஒன்னு வந்தாலும் விடியட்டும்னு இருக்கக் கூடாது” என்றார். கணவர் அதை அலமாரிக் கதவில் ஒட்டினார்.

37ஆம் வாரத்தில் ஓரிரவு எனக்குத் தலை வெடிப்பது போல வலித்தது. குளிரால் வந்த தலையிடி என்று அத்தை கோடாலித் தைலம் தேய்த்தார். நெஞ்சுக்குக் கீழே எரிவதாகவும் கண்ணுக்கு முன்னால் மின்மினி போல ஏதோ பறப்பதாகவும் நான் சொன்னவுடன், கணவர் எழுந்து கைத்தொலைபேசி வெளிச்சத்தில் அலமாரிக் கதவைப் பார்த்தார். மூன்று அறிகுறிகள் அதில் இருந்தன. மிஸ்ஸுக்கு அழைத்தோம், தோட்டத்து லொறிக்குக் காத்திருக்காமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கச் சொன்னார். பாதை மோசமாக இருந்ததால் வண்டி லயம் வரை ஏற முடியவில்லை. இஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) சந்தி வரை என்னைக் கதிரையில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். வைத்தியசாலையில் பார்த்தபோது குருதி அமுக்கம் 160/110. வலிப்பு வராமல் தடுக்கும் மருந்தை ஏற்றிய பின்னர் மகப்பேற்றைத் தூண்டினார்கள். மகள் 2.3 கிலோவோடு பிறந்தாள். அந்தத் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்திருந்தால் நாங்கள் தைலத்தைத் தேய்த்துவிட்டுப் படுத்திருப்போம். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

பிள்ளை பிறந்த பின்னர் முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவையும், அதன் பின் 42ஆம் நாள் வரை மேலும் இரண்டு தடவையும் வீட்டுக்கு வந்து பார்ப்பது இந்தச் சேவையின் முறை. என்னைக் கேட்டால் முழுச் சேவையிலும் சிறந்தது இதுதான். ஐந்தாம் நாள், நாங்கள் வீடு திரும்பிய மறுநாள், மழையில் நனைந்த குடையை இஸ்தோப்பில் விரித்துவைத்துவிட்டு மிஸ் உள்ளே வந்தார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே பிள்ளையைத் தொட்டார். எங்கள் காம்பராவுக்கு ஒரே ஒரு சன்னல். “இந்த இருட்டுல எல்லாப் பிள்ளையும் ஒரே நிறந்தான்” என்று சொல்லி மகளை வாசலடிக்குத் தூக்கிவந்து, பகல் வெளிச்சத்தில் மூக்கு நுனியையும் நெஞ்சையும் உள்ளங்காலையும் விரலால் மெல்ல அழுத்தி, விரலை எடுத்தவுடன் தோலில் தெரிந்த நிறத்தைப் பார்த்தார். முகத்திலும் நெஞ்சிலும் மஞ்சள் இருந்தது, உள்ளங்காலில் இல்லை. இரண்டு மூன்று நாளில் தொடங்கும் மஞ்சள் பல பிள்ளைகளுக்கும் வந்து தானே போகும் என்றாலும், பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் தோன்றினாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்று சொன்னார். எடை குறைந்த பிள்ளை என்பதால் அன்றே குருதிப் பரிசோதனைக்கும் அனுப்பினார். அளவு சிகிச்சை தேவைப்படும் எல்லைக்குக் கீழே இருந்தது.

பால் போதவில்லை என்ற பயம் எனக்கும் இருந்தது. அத்தை சீனித் தண்ணீரைத் தயாராக வைத்திருந்தார். மிஸ் என்னைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பிள்ளையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். பிள்ளை வாயை அகலத் திறக்கும் வரை காத்திருந்து, காம்பை மட்டுமன்றிச் சுற்றியுள்ள கறுப்புப் பகுதியும் வாய்க்குள் போகும்படி அணைத்தார். நாடி மார்பில் முட்டியது. கீழுதடு வெளியே மடிந்தது. அதுவரை உயிர் போவது போல இருந்த வலி நின்றது. ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொடுக்க வேண்டும் என்றும், முதல் வாரத்துக்குப் பிறகு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அர்த்தம் என்றும் சொன்னார். 6 மாதம் முடியும் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீரும் வேண்டாம். பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை என்று தொட்டுவைக்கும் தேனோ ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நஞ்சாகவே மாறக்கூடும் என்று அவர் சொன்னபோது, அத்தை ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்ச் சீனித் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தார்.

தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ வைக்காமல் காயவிடச் சொன்னார். குளிருக்காக அடுப்படியில் பிள்ளையைக் கிடத்துவதையும், சாம்பிராணிப் புகை காட்டுவதையும் நிறுத்தச் சொன்னார். அந்தப் புகை பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும். அதற்குப் பதிலாகத் தொப்பி, காலுறை, நப்கின் ஆகியவற்றோடு மட்டும் பிள்ளையை என் வெறும் நெஞ்சில் படுக்கவைத்து, மேலே கம்பளியைப் போர்த்தச் சொன்னார். எங்கள் மலைக் குளிரில் இதைவிட நல்ல கணப்பு வேறில்லை.

ஒரு மாதம் கழிந்து வந்தபோது பிள்ளையைப் பார்க்கும் முன் என்னைப் பார்த்தார். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, அழுகை வந்ததா என்று பத்துக் கேள்விகள் கேட்டார். அதுவரை யாருமே என்னைக் கேட்காத கேள்விகள் அவை. நான் அழுதுவிட்டேன். அவர் அவசரப்படாமல் இருந்து, கணவரிடம் இரவில் ஒரு வேளை பிள்ளையைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்து, மனநல உதவிக்கு 1926 என்ற எண்ணையும் எழுதித் தந்தார். இரு வாரத்தில் மறுபடியும் வந்து அதே கேள்விகளைக் கேட்டார்.

தடுப்பூசிகள் ஒழுங்காகவே நடக்கின்றன: 2, 4, 6ஆம் மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பூசியும் போலியோவும், 9ஆம் மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான எம்எம்ஆர், இனி 12ஆம் மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கானது. எல்லாமே மகளின் இளஞ்சிவப்புச் சுகாதாரப் பதிவேட்டில் இருக்கின்றன. 6 மாதம் முடிந்ததும் கொடுக்கும் முதல் சோறு கஞ்சித் தண்ணீராக இல்லாமல், கரண்டியைச் சரித்தாலும் சட்டென்று விழாத பதத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லித் தந்ததால் மகளின் எடைக்கோடு இறங்காமல் போகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒருவரே பல பிரிவுகளுக்கு நடந்து போகிறார். மழை நாட்களில் வருகை தள்ளிப்போகிறது. எங்கள் மேற்பிரிவில் சிக்னல் இல்லாத இடங்கள் அதிகம். கிளினிக் வேலை நாளில் நடப்பதால் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு அன்றைய பேர் (நாட்கூலி) போகிறது, இல்லாவிட்டால் அரைப்பேர்தான் (பாதிக் கூலிதான்) விழுகிறது. ஆகவே அவர்கள் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் வருகிறார்கள். தமிழ் தெரிந்த மிஸ் எங்களுக்குக் கிடைத்ததும் எங்கள் அதிர்ஷ்டம்தான். பக்கத்துப் பிரிவில் அப்படி இல்லை.

ஆபத்து அறிகுறித் தாளைத் தமிழிலும் அச்சிட வேண்டும் என்று கேட்டு, முப்பத்தொரு தாய்மாரின் கையெழுத்தோடு சென்ற மாதம் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் வரும் வரை, மிஸ் எழுதிய தாளைப் போட்டோப் பிரதி எடுத்துப் பிள்ளைக் காம்பராச் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தின்) சுவரில் ஒட்டியிருக்கிறோம். மேலதிகப் பிரதிகளும் அங்கே இருக்கின்றன. வேண்டியவர்கள் எடுத்துச் செல்லலாம்.