ஜான் பிரைனின் ‘கிரேட் டேஸ்’: பதினாறு வருஷம் கேட்ட பிறகு

2009 ஜனவரியில் வேலைக்காக சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில் போய் இறங்கினேன். மூன்றாவது வாரம், குளிர் தாங்காமல் ஒதுங்கிய பழைய சிடி கடையில் வாங்கியது இது. ஜான் பிரைன் என்ற அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர் யாரென்றே அப்போது தெரியாது. இரண்டு சிடி, 41 பாட்டு, 8 டாலர், ஒரு பாட்டுக்கு இருபது சென்ட்கூட வரவில்லை, வாங்கியதற்கு அவ்வளவுதான் காரணம். கடைக்காரர் சொல்லாமல் விட்டது இரண்டாவது சிடியில் இருந்த கீறல். நானும் திருப்பிப் பார்க்கவில்லை.

‘கிரேட் டேஸ்’ 1993-இல் ரைனோ நிறுவனம் வெளியிட்ட தொகுப்பு. 1971-இல் வந்த முதல் ஆல்பத்தில் தொடங்கி, அவருக்கு கிராமி வாங்கிக் கொடுத்த 1991-இன் ‘த மிஸ்ஸிங் இயர்ஸ்’ வரைக்கும், ஏறக்குறைய காலவரிசையில் போகிறது.

இரண்டாவது சிடி என் பழைய காரில் ஆரம்பத்திலேயே திக்கித் திணறி நின்றுவிடும். அதனால் அதை டப்பாவிலேயே மூடி வைத்துவிட்டு முதல் சிடியை மட்டும் ஓட்டினேன், ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, எட்டு வருஷம். ஜான் பிரைன் என்றால் கிடாரும் மூக்கால் பாடும் குரலும் உள்ள ஒரு சோகமான இளைஞர் என்றே அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை, முதல் சிடியின் ஆரம்பம் அந்த மாதிரி. அவர் பிறந்தது மேவுட், நான் இருந்த பக்கம்தான். பட்டாளத்தில் சேர்த்து வியட்நாமுக்கு அனுப்பாமல் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து தபால்காரராக வேலை பார்த்தார், குளிரில், தபால் மூட்டைகளைப் போட்டு வைக்கும் பெரிய பெட்டி ஒன்றுக்குள் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே பாட்டு யோசித்தவர். 1970-இல் சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட், பாப்கார்னில் உப்பு அதிகம் என்று படத்திலிருந்து பாதியில் எழுந்து, பீர் குடிக்கப் போன இடத்தில் இவர் பாடுவதைக் கேட்டு பேப்பரில் எழுதினார். இவரைப் பற்றி வந்த முதல் விமர்சனமே அதுதான். அந்த உப்புக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

‘சாம் ஸ்டோன்’ போரிலிருந்து பதக்கத்தோடும் போதைப் பழக்கத்தோடும் திரும்பி வந்தவனின் கதை. எல்லோரும் முதலில் சொல்லும் பாட்டு அது. எனக்கு அதைவிட ‘ஹலோ இன் தேர்’தான். பிள்ளைகள் எல்லாம் போய்விட்ட வீட்டில் ஒரு வயதான தம்பதி. கூட வேலை பார்த்த நண்பனுக்கு ஒரு போன் போடலாமா என்று அந்தக் கிழவர் நினைக்கிறார், ஆனால் என்ன விசேஷம் என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டு “அப்புறம்?” “அப்புறம் ஒண்ணுமில்ல, அங்க?” என்று ஐந்து நிமிஷம் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதை எழுதியபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது.

சிடியோடு வரும் புக்லெட்டை வாங்கி ஒரு வருஷம் கழித்துத்தான் பிரித்தேன். பாட்டுகளைப் பற்றி பிரைனே சிறு குறிப்புகள் சொல்லியிருக்கிறார். ‘பாரடைஸ்’ கென்டக்கியில் நிலக்கரிக்காகத் தோண்டித் தீர்த்த ஊரைப் பற்றியது, அவருடைய பெற்றோரின் பக்கத்து ஊர், அப்பாவுக்காக எழுதிய பாட்டு. ஒலிப்பதிவு முடிந்ததும் டேப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு மெஷினை இரவல் வாங்கி அப்பாவுக்குப் போட்டுக் காட்டுகிறார். பாட்டு தொடங்கியதும் அப்பா எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொள்கிறார். ஏன் என்று கேட்டால், ஜூக்பாக்ஸில் ஓடுகிற மாதிரி நினைத்துக் கேட்க வேண்டுமாம். ஆல்பம் வெளிவருவதற்குள் அந்த அப்பா இறந்துவிட்டார். இதைப் படித்த பிறகு அந்தப் பாட்டை சத்தமாக வைத்துக் கேட்க முடிவதில்லை, சமையலறையில் ஓடவிட்டு ஹாலில் உட்கார்ந்து கேட்கிறேன்.

முதல் சிடியின் பின்பாதி கொஞ்சம் தொய்வுதான். 1975-இன் ‘காமன் சென்ஸ்’ ஆல்பப் பாட்டுகளில் வாத்தியங்கள் முன்னால் வந்து குரலை மறைக்கின்றன. பதினாறு வருஷம் கேட்டும் அவற்றை இன்னும் தாண்டித்தான் போகிறேன்.

2017-இல் ஒரு நாள் இரண்டையும் கணினியில் ஏற்றலாம் என்று உட்கார்ந்தேன். மெதுவாகப் படிக்கும்படி வைத்து ராத்திரி முழுக்க ஓடவிட்டதில், கீறலையும் மீறி இரண்டாவது சிடி முழுசாக வந்துவிட்டது. அதில்தான் சாபு பாட்டு! மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன், 1937-இல் ‘எலிஃபன்ட் பாய்’ படத்தில் நடித்து ஹாலிவுட்டுக்குப் போன அதே சாபுதான். அவரை நடுக்குளிர்காலத்தில் மினியாபொலிஸ் பக்கம் தனியாக விளம்பரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று பிரைன் கற்பனை செய்திருக்கிறார். சிரிக்க வைக்கிற பாட்டு, ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைக்கிற தன்னைப் பற்றியும்தான் பாடுகிறார் என்று புரியும்போது சிரிப்பு பாதியில் நின்றுவிடும். அந்த முதல் ஜனவரியில், ஊரிலிருந்து கொண்டுபோன ஸ்வெட்டரை மட்டும் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற எனக்கு இது அப்போதே கிடைத்திருக்க வேண்டிய பாட்டு. டப்பாவுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

சோகமான இளைஞர் என்று நான் வைத்திருந்த ஆள் அதோடு போய்விட்டார். இரண்டாவது சிடியில் இருப்பவர் நக்கல் பிடித்த, விவாகரத்தான, தன்னையே கிண்டல் செய்துகொள்ளும் நடுவயதுக்காரர். ‘ஆல் த பெஸ்ட்’ பாட்டில் பிரிந்து போனவளை வாழ்த்துகிறாரா சபிக்கிறாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். ‘ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்கோமரி’ இதில் பாடகி பானி ரைட்டோடு மேடையில் பாடிய வடிவம். அருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் 1971-இன் அசலை இதில் தேடக் கூடாது. இன்னொன்று பெரிய குறை: இது பாதி வாழ்க்கைதான். 1998-இல் கழுத்தில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவர் குரல் அடியோடு மாறி, கீழே இறங்கி, கரகரத்துப் போனது. சின்ன வயதில் எழுதிய கிழவர் பாட்டுக்கு அந்தக் குரல்தான் பொருத்தம் என்பது என் கட்சி. அதைக் கேட்க 2018-இன் ‘த ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னெஸ்’ தனியாக வேண்டும். 2020 ஏப்ரல் 7 அன்று கொரோனாவில் போய்விட்டார்.

ஆன்லைனில் எல்லாம் கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்டால், புக்லெட்டுக்காக என்பேன். என்னுடையதில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் தனியாக வந்துவிட்டது, டப்பாவின் மூடி உடைந்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். பழைய சிடியாக வாங்கினால் இரண்டாவதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.