மேட்டைப் பார்த்து நிறுத்தினால் மட்டும் மக்கர்

மச்சினனுக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு பிக்கப் விலைக்கு வந்திருக்கிறது. நான் ஓட்டுகிற அதே மாடல், 2018-ஆம் வருட பிஎஸ் 4 (புகை மாசு விதி) வண்டி. "வாங்கலாமா மாமா?" என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். கேத்தியிலிருந்து கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு குன்னூர் மலைப்பாதையில் இறங்கும்போது, சரியான கியரில் போட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டியதில்லை. திரும்பி வரும்போது உர மூட்டையோடு ஏறுவதற்கும் முனகுவதில்லை. பின்பக்க ஸ்பிரிங் பட்டை இன்னும் உடையவில்லை. மைலேஜ் இந்த மலைக்குக் குறை சொல்ல முடியாதது.

ஆனால் விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகாது.

எங்கள் தொழிலில் இதற்கு என்ன அர்த்தம் என்று சமவெளிக்காரர்களுக்குப் புரியாது. கேரட்டை இருட்டிலேயே பிடுங்கி, மெஷினில் கழுவி, ஈரத்தோடு மூட்டை கட்டி ஏற்றுவார்கள். மண்டிக்குத் தாமதமாகப் போனால் விலை போய்விடும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. விட்டு விட்டு அடித்தால் கடைசியில் இருமிக்கொண்டு எழுந்திருக்கும். அதற்கப்புறம் நாள் முழுக்க ஒரு தொட்டலில் ஸ்டார்ட் ஆகும். இதுதான் ஆத்திரத்தைக் கிளப்பும். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது வண்டி யோக்கியன் மாதிரி நிற்கும்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். குளிரில் டீசல் உறைகிறது என்றார் ஒருவர். லடாக்கில் அது உண்மை. அதற்காகத்தான் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை 2019-இல் இந்தியன் ஆயில் அங்கே கொண்டுவந்தது. ஊட்டிப் பக்கம் உறைபனி விழுகிற காலையில்கூட, அதே பங்க்கில் டீசல் போட்ட பக்கத்து வண்டிகள் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. என் டாங்கில் மட்டும் உறையுமா என்ன?

பேட்டரியை மாற்று என்றார் இன்னொருவர். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். நிற்கும்போது 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி நல்ல பேட்டரி. குளிரில் இன்ஜினுக்குள் சூடேற்றுகிற ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றாமலே, ஒயரை மட்டும் எடுத்துவிட்டு ஓம்ஸில் பார்த்தேன். எல்லாம் ஒரு ஓம் பக்கத்தில் காட்டின. கருகிப்போன பிளக் என்றால் மீட்டர் எதையும் காட்டாது. ஏர் ஃபில்டர் வழியாக ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடிக்க ஒருவர் டப்பாவோடு வந்தார். கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கிற இன்ஜினில் அந்த ஸ்ப்ரேயில் இருக்கிற ஈதரை அடித்தால் அது நேரத்துக்கு முன்னாலேயே வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகி, "எர்ரர் கோடு எதுவும் இல்லை சார்" என்றார்கள். சரி, அதோடு விட்டார்களா? இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற எஸ்டிமேட் கொடுத்தார்கள். கோளாறே தெரியாத வண்டிக்கு எந்தக் கணக்கில் நான்கு இன்ஜெக்டர்? தேய்ந்த இன்ஜெக்டர், டாங்குக்குத் திரும்புகிற ரிட்டர்ன் லைனில் டீசலைக் கசியவிட்டால், சூடான இன்ஜினில்தான் பெரும்பாலும் அதிகமாகப் படுத்தும். சூட்டில் டீசல் இளகி இன்னும் வேகமாகக் கசியும். என் வண்டி சூட்டில் சொன்ன பேச்சைக் கேட்கிற வண்டி. இதைச் சொன்னால் சூப்பர்வைசர் சிரிக்கிறார்.

விஷயம் புகையில் இருந்தது. டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டில்தான் டீசல் பற்றும். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று பொருள். ஹீட்டர், கம்ப்ரஷன் பக்கம் தேட வேண்டும். புகையே வரவில்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை. என் வண்டியில் புகையே இல்லை. இது காமன் ரெயில் வண்டி. எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கிற பொதுக் குழாய்தான் ரெயில். அதில் ஒரு அளவு அழுத்தம் ஏறினால்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கும். நடுவில் காற்று இருந்தால் அந்த அழுத்தம் ஏறவே ஏறாது.

அப்புறம்தான் சரிவைக் கவனித்தேன். எங்கள் வீட்டு வாசல் சரிவானது. மூக்கு இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் காலையில் வண்டி உடனே கிளம்பும், மேட்டைப் பார்த்து நிறுத்தினால் மக்கர். டாங்க் நிறைந்திருந்தால் தொல்லை குறைவு, ரிசர்வ் பக்கம் வந்தால் அதிகம். டாங்க் இருப்பது பாடிக்குக் கீழே, நடுவில். இந்த மாடலில் டாங்குக்குள் பம்ப் இல்லை. முன்னால் இருக்கிற பம்ப்தான் டீசலை உறிஞ்ச வேண்டும். எங்கோ காற்று புகுந்து, ராத்திரியெல்லாம் லைனில் இருக்கிற டீசல் டாங்குக்கே இறங்கிப் போகிறது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற கதைதான். உறிஞ்சுகிற பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது. அடியில் படுத்துத் தேடினாலும் ஈரம் தெரியாது.

மறுநாள் சாவியைத் தொடுவதற்கு முன், லைனில் இருக்கிற காற்றை எடுத்து டீசலை நிரப்ப ஃபில்டர் மேலிருக்கிற ஹேண்ட் பம்ப்பை அது கெட்டியாகும் வரை அமுக்கினேன். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது.

குன்னூரில் ரோட்டோரம் ஷெட் வைத்திருக்கிற ஒருவரிடம் போனேன். அவரிடம் ஸ்கேனர் கிடையாது. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ளே ஓடுவது தெரிகிற கண்ணாடி மாதிரி ஹோஸ் ஒன்றை மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். டீசலோடு குமிழ் குமிழாகக் காற்று போவது தெரிந்தது. ஃபில்டருக்கு முன்னால் மாட்டிப் பார்த்தால் சுத்தமான டீசல். ஆக, காற்று புகுவது ஃபில்டர் ஹெட்டில், அதாவது ஹேண்ட் பம்ப் உட்கார்ந்திருக்கிற ஃபில்டரின் மேல்பகுதியில். ஹேண்ட் பம்ப்பின் ரப்பர் சீல் வெடித்திருந்தது. காற்றை எடுப்பதற்கென்று கம்பெனி வைத்த சாமானே காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறது!

சீல் மட்டும் தனியாக வராதாம். ஃபில்டர் ஹெட் முழு அசெம்பிளியாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள் பார்ட்ஸ் கவுண்டரில். சுண்டுவிரல் மோதிரம் அளவு ரப்பருக்கு அலுமினிய வார்ப்போடு சேர்த்து விலை. வேறு வழியில்லாமல் வாங்கி மாட்டினேன். இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தினாலும் கிளம்புகிறது. என்றாலும் அந்த பில்லை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இத்தனை நல்ல இன்ஜினைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு, ஒரு சீலைத் தனியாக விற்கத் தெரியாதா?

அதனால் மச்சினனுக்கு என் பதில்: வாங்காதே. மேலே நான் புகழ்ந்ததெல்லாம் உண்மை, அப்படியும் வாங்காதே. அடுத்து எந்த ரப்பருக்கு எந்த அசெம்பிளியைத் தலையில் கட்டுவார்களோ.

சொன்னால் கேட்க மாட்டான், போய்ப் பார்ப்பான். சரி, போகிறவன் விடியற்காலையில் போகட்டும். வண்டியைத் தொடாமல் வைக்கச் சொல்லி, போனதும் பானட்டில் கை வைத்துப் பார்க்கட்டும். சூடாக இருந்தால் நமக்கு முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முடிந்தால் முந்தின ராத்திரி மேட்டைப் பார்த்து நிறுத்தச் சொல்ல வேண்டும். ஹேண்ட் பம்ப்பை யாரும் அமுக்கக் கூடாது. ஒருவன் சைலன்சர் பின்னால் நிற்க, இன்னொருவன் சாவியைத் திருப்பட்டும். புகையில்லாமல் செல்ஃப் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால், ஃபில்டர் ஹெட் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம். விற்கிறவர் இன்ஜெக்டர்தான் கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தால் இன்னும் குறைத்தே பேசலாம்.