நல்லூர் ரியோவில் ஐந்து மாத வெள்ளிக்கிழமைகள்

யாழ்ப்பாணத்துக்கு ஒரு பருவம் படிக்கப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது, அங்கே நண்பர்களோடு எங்கே போய் உட்காரலாம் என்று கேட்டால், நல்லூர் கோயிலுக்குப் பக்கத்தில் பருத்தித்துறை வீதியில் இருக்கும் ரியோ ஐஸ்கிரீம் கடையைத்தான் முதலில் சொல்வேன். ஐந்து மாதம் பரிமாற்ற மாணவியாக இருந்தேன். முதல் இரண்டு வாரத்தையும் பரீட்சை வாரங்களையும் காய்ச்சலில் கிடந்த ஒரு வாரத்தையும் கழித்தால் ஏறத்தாழ மற்ற எல்லா வெள்ளிக்கிழமையும் அங்கே போயிருக்கிறேன், அதனால் ஒரு தடவை சாப்பிட்டுவிட்டு அவசரமாக எழுதுவதாக நினைக்க வேண்டாம்.

நான் திருநெல்வேலிக்காரி. படிக்கப் போன இடமும் திருநெல்வேலி! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊருக்குப் பெயர் அதுதான். 1974ல் வளாகமாகத் தொடங்கி 1979ல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது என்று முதல் நாள் அறிமுக வகுப்பில் சொன்னார்கள், ஆனால் எனக்கு மனதில் நின்றது அன்று காலை பஸ்ஸில் கேட்ட "தின்னவேலி, தின்னவேலி" என்ற குரல்தான். எங்கள் ஆச்சி வாயில் வரும் அதே தின்னவேலி. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறையில் இறங்கிவிட்டேன். எங்கள் ஊரிலிருந்து நாகை வந்து சேரத்தான் அதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆனது. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊர், பேசுவது தமிழ், பிறகு என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று நினைத்துத்தான் போனேன்.

கஷ்டம் இருந்தது. மொழி தெரிந்த ஊரில் தனியாக இருப்பது மொழி தெரியாத ஊரில் தனியாக இருப்பதைவிட ஒரு விதத்தில் கூடுதலாக வலிக்கும், ஏனென்றால் சுற்றி எல்லாரும் சிரித்துக் கதைப்பது காதில் விழும், ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்லாகவே இருக்கும், ஆனால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் பிடிபடாது. முதல் இரண்டு வாரம் வகுப்பு, விடுதி, வகுப்பு, விடுதி. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை பின் வரிசையில் இருக்கும் வவுனியாக்காரி திரும்பிப் பார்த்து, "நாங்கள் நல்லூருக்குப் போறம், நீங்களும் வாறியளோ?" என்று கேட்டாள். "வாறியளோ" என்றதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் "வாரியளா, நல்லா இருக்கியளா" என்றுதான் கேட்பார்கள். சென்னையில் படித்த மூன்று வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

சைக்கிளில்தான் போனோம். பல்கலைக்கழகத்திலிருந்து நல்லூர் பத்து நிமிட மிதி. யாழ்ப்பாணத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டுவதைப் போய்ப் பார்க்க வேண்டும், பள்ளிப் பிள்ளையிலிருந்து நரைத்த தலை அம்மா வரைக்கும் சேலையோடும் குடையோடும் அவ்வளவு நிதானமாகப் போவார்கள். என் விடுதி அறைத்தோழி தன்னுடைய பழைய லுமாலா சைக்கிளை எனக்குக் கொடுத்திருந்தாள். அன்றைக்கு நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. 25 நாள் திருவிழா, அந்த நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விட மாட்டார்கள், சைக்கிளை ஒரு வீட்டு வளவில் பாதுகாப்புக்கு விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து போனோம். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட மதில், அதன் பக்கத்தில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். நான் ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டியதைப் பார்த்து வவுனியாக்காரி சில்லறை எடுத்துக் கொடுத்தாள். இலங்கைக் காசில் ஒரு ரூபாய் என்றால் நம் காசில் முப்பது பைசாகூட வராது.

திருவிழா நேரத்தில் ரியோவில் மேசை பிடிப்பது நடக்காத காரியம். அன்றைக்குக் கோன் வாங்கி வாசலில் நின்றுதான் சாப்பிட்டோம். உட்கார்ந்து சாப்பிட்டது திருவிழா முடிந்த பிறகு.

இனி ஐஸ்கிரீம். உயரமான கண்ணாடிக் கோப்பையில் வரும் வகைகள்தான் இந்தக் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை, நிறங்கள் கண்ணைப் பறிக்கும். அடியில் சிவப்பும் பச்சையுமாக ஜெலித் துண்டுகள், அதன் மேல் வெவ்வேறு நிறத்தில் உருண்டைகள், தலையில் ஒரு வேஃபர், கொஞ்சம் கஜு. கஜு என்றால் முந்திரி. அந்தப் புழுக்கத்தில் கோப்பை மேசைக்கு வந்து இரண்டு நிமிடத்துக்குள் வெளிப்பக்கம் முழுக்க வேர்த்துவிடும், மேல் உருண்டை உருகிக் கீழே இறங்கி ஜெலியோடு கலக்கும், அடியில் சேரும் அந்தப் பால் நீளக் கரண்டிக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும். எங்கள் குழுவில் இருந்த ஹட்டன்காரி (ஹட்டன், தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் மலையகத்து ஊர்) மேலே தொடவே மாட்டாள். கோப்பையின் ஓரமாகக் கரண்டியைச் செருகி முதலில் ஜெலியை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுவிட்டு, ஆதாரம் போனதும் மொத்தமும் சரிந்து கீழே இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் ஐஸ்கிரீமுக்கு வருவாள். நானும் அப்படிச் செய்து பார்த்தேன். நல்ல முறைதான், கடைசி வாய் வரைக்கும் குளிர்ச்சி நிற்கிறது.

சுவை பற்றி நேராகச் சொல்வதென்றால், இனிப்பு கொஞ்சம் தூக்கல். இப்போது நம் நகரங்களில் விற்கும் பழத்துண்டு போட்ட விலை உயர்ந்த ஐஸ்கிரீம் வகையைத் தேடிப் போகாதீர்கள். இது சின்ன வயதில் திருவிழாவில் வாங்கித் தின்ற ஐஸ்கிரீமின் பெரிய வடிவம், அதை விரும்புகிறவர்களுக்கானது. எனக்கு மிகவும் பிடித்தது. விலை மாறிக்கொண்டே இருப்பதால் எண்ணாகச் சொல்லவில்லை, ஆனால் பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மூன்றரையால் வகுத்தால் ஏறத்தாழ நம் காசு வந்துவிடும். முதல் மாதம் எல்லா விலையையும் அப்படி வகுத்துக்கொண்டே இருந்தேன், அப்புறம் எப்போது நிறுத்தினேன் என்று ஞாபகம் இல்லை.

ஒரு விஷயம் கடைக்கு உள்ளே நடப்பது இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ஐஸ்கிரீமுக்கு முன்னால் உறைப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம், அதற்கு வழியில் ஒரு சைவக்கடை. வெள்ளிக்கிழமை என்றால் குழுவில் பாதிப் பேர் மச்சம் தொட மாட்டார்கள் (மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே சொல், மச்சம்). உட்கார்ந்ததும் நாம் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடையும் மரக்கறி ரோல்ஸும் கொண்டு வந்து நடுவில் வைத்துவிடுவார்கள். முதல் தடவை எல்லாவற்றுக்கும் காசு கொடுக்க வேண்டும் என்று நினைத்து, வயிறு முட்ட முட்ட நான்கு ரோல்ஸ் தின்றேன். எடுத்ததற்கு மட்டும்தான் காசு, மீதித் தட்டு அப்படியே உள்ளே போய்விடும். புதிதாகப் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லூர்ப் பக்கம் எத்தனையோ குளிர்பானக் கடைகள் இருக்கும்போது ஏன் இந்தக் கடை என்று கேட்டால், இங்கே யாரும் எங்களை எழுப்பியதில்லை. நகரத்தில் வேறொரு கடையில் எங்களுக்கு நடந்தது நேர் எதிர். பெயர் வேண்டாம். ஆறு பேர் உட்கார்ந்து ஆறு கோப்பையும் பாதிதான் முடிந்திருந்தது, கதவருகே கூட்டம் சேர்ந்ததும் ஒருவர் வந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார், கோப்பைகளுக்கு நடுவே துணி ஓடுகிறது! பில்லில் நாங்கள் வாங்காத ஒரு பலூடாவும் இருந்தது. கேட்டதும் நீக்கிவிட்டார்கள், ஆனால் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. மாதக் கடைசியில் எண்ணி எண்ணிக் காசு வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு பலூடா சின்ன விஷயம் இல்லை, அதன் பிறகு அந்தப் பக்கம் நாங்கள் போகவே இல்லை.

ரியோவில் நான் வேக வேகமாகச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு பருத்தித்துறைக்காரன், "ஆறுதலாச் சாப்பிடும், ஒருத்தரும் துரத்தேல்லை" என்றான். அங்கே ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல். அது தெரியாமல், என் முகத்தில் துக்கம் தெரிகிறதோ, அதற்குத்தான் ஆறுதல் சொல்கிறானோ என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் துக்கம் இருந்ததும் உண்மை, வீட்டில் தம்பிக்குப் பிறந்தநாள்.

பேச்சு என்றால் அந்த மேசைதான். மட்டக்களப்புக்காரன் "மறுகா" என்று ஆரம்பிப்பான், மறுகா என்றால் அப்புறம். ஹட்டன்காரி பேசுவது எங்கள் ஊர்ப் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். அவளுடைய முன்னோர் திருச்சிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். 2023ல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவு என்று நினைவு கூர்ந்தார்கள் இல்லையா, அந்த வரலாறு அவள் குடும்பத்தில் பாட்டி சொன்ன கதையாகவே இருக்கிறது. அவளும் யாழ்ப்பாணத்துக்கு வந்த புதிதில் என்னைப் போலவே பேச்சுக்குத் தயங்கி வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள், சொந்த நாட்டுக்குள்ளேயே. "இந்த மேசையிலதான் நானும் கதைக்கப் பழகினேன்" என்று அவள் சொன்னது எனக்கு மிகப் பெரிய தைரியம்.

முதலில் எல்லாரும் எனக்கு "நீங்கள்" போட்டார்கள். சில வாரத்தில் அது "நீர்" ஆனது. "நீர் என்ன எடுக்கப் போறீர்?" நம் காதுக்கு அரச சபையில் நிற்பதுபோல இருக்கும், ஆனால் அங்கே அது சமவயதுக்காரர்கள் ஒருவரை ஒருவர் மரியாதை குறையாமல், தூரமும் இல்லாமல் கூப்பிடும் சொல். நம் பேச்சில் அந்த நடு இடத்துக்குச் சொல் பெரும்பாலும் இல்லாமல் போய்விட்டது, வாங்க அல்லது வா, அவ்வளவுதான். அது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. இப்போதும் கல்லூரியில் புதிதாக அறிமுகமாகும் யாரிடமாவது பேசும்போது நாக்கு நுனியில் அந்த "நீர்" வந்து நிற்கிறது.

ஆனால் பில் வரும்போது மட்டும் நான் விருந்தாளியாகவே இருந்தேன். பையில் கை வைத்தால் போதும், "நீங்கள் வையுங்கோ, நாங்கள் குடுக்கிறம்" என்று நான்கு பக்கமும் கை நீளும். அன்புதான், எனக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேர் மாலையில் டியூஷன் கொடுத்துச் சம்பாதித்த காசு அது என்பதும் தெரியும். தோழியாகக் கூப்பிட்டுவிட்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப்போல உட்கார வைத்தால் உள்ளுக்குள் குறுகிப் போகிறது. இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், சிரித்துத் தள்ளிவிட்டார்கள்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. வெளியே மழை பிடித்துக் கொட்டுகிறது, சைக்கிள் எல்லாம் நனைகிறது, மழைக்குள் எவன் ஐஸ்கிரீம் தின்பான் என்று கேட்டுக்கொண்டே ஆளுக்கு ஒரு கோப்பை வாங்கியிருந்தோம், கடையில் பாதி மேசை காலி. வவுனியாக்காரி மேசை மேல் தாள்களை அடுக்கி எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள், நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எடியே, உன்ர பங்கு இன்னும் வரேல்லை" என்றாள். நீங்களும் இல்லை, நீரும் இல்லை. மேசையில் மற்றவர்களுக்கு அதில் விசேஷமாக எதுவும் படவில்லை, பேச்சு அதன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான் காசை எடுத்து வைத்தேன், என் கை நடுங்கியதை அவள் குளிர் என்று நினைத்திருப்பாள்.

நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். திருவிழா நாட்களில் உட்கார இடம் எதிர்பார்க்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்ததும் குடும்பம் குடும்பமாக வருவார்கள், அதற்கு முன்னால் போய்விட்டால் ஆறு பேர் சேர்ந்து உட்காரலாம். நல்லூர் பூசை மணி நிமிடம் தவறாது, அதை வைத்தே நேரம் கணக்குப் பண்ணிக்கொள்ளலாம். விடுதிப் பெண்கள் கேட் மூடும் நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள், பத்து நிமிடத் தூரம்தானே என்று கடைசி நிமிடம் வரை இருந்துவிட்டு நாங்கள் ஒரு தடவை வாசலில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டோம். பழைய கடைப் பலகைகளில் "குளிர்களி" என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அதுவும் ஐஸ்கிரீம்தான், நாம் பனிக்கூழ் என்று எழுதுகிறோம், அவர்கள் குளிர்களி என்று எழுதுகிறார்கள், எனக்கு அவர்களுடைய சொல் பிடித்திருக்கிறது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை குறைந்தது இனிப்புக்காக.

யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியில் விமானம் ஏறுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, பில் வந்ததும் நான் எழுந்து நேராகக் காசாளரிடம் போய் ஆறு பேருக்கும் கொடுத்துவிட்டேன். ஐந்து மாதத்தில் ஒரு தடவையாவது நான் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஆசை, அதற்காகவே தனியாகக் காசு எடுத்து வைத்திருந்தேன். திரும்பி வந்தால் வவுனியாக்காரி முகம் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள். "நீ ஒருத்தியே குடுக்கிறதெண்டால், அப்ப நாங்கள் என்ன விருந்தாளியளோ?" என்று கேட்டுவிட்டு, மற்ற நான்கு பேரிடமும் கையை நீட்டிக் காசு வாங்கி, தன் பங்கையும் சேர்த்து எண்ணி, என் சைக்கிள் கூடையில் இருந்த பைக்குள் தானே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.